உதிர்ந்த பூவும் உணவாகும்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகும் பாதையில் மடவார் வளாகம் இருக்கிறது. வைத்தியநாத சுவாமி கோவில் இருக்கும் இடம். "மடவார்" என்றால் பெண்கள் என்று பொருள்.

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்டவர் திருமலை நாயக்கர். அவருக்குத் தீராத வயிற்று வலி இருந்ததாம். இந்தக் கோவிலுக்கு வந்து வேண்டிக்கொண்ட பிறகு வலி தீர்ந்ததாம். கோவில் வரலாறு அப்படிச் சொல்கிறது.

சாமியின் பெயரே வைத்தியர். அந்த வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும் மரமும் வைத்தியர்தான். அதுதான் வேம்பு!

பங்குனி பிறந்தால் வேம்பு பூக்கிறது. சித்திரையில் உதிர்கிறது. ஆண்டாள் சூடிய மாலை கள்ளழகருக்காக மதுரைக்குப் புறப்பட்டுப் போகும் அதே நாட்களில், இங்கே மரத்தடியெல்லாம் பொரி இறைத்தது போல வெள்ளையாகப் பூ கிடக்கும். காற்றில் தேன் வாசம் வரும்.

காலையில் என்ன நடக்கிறது? வீட்டு வாசலைப் பெருக்குகிறார்கள். பூவை எல்லாம் முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டுகிறார்கள். அன்று மாலையே நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "வேப்பம்பூ இருக்கிறதா?" என்று கேட்டு, காசு கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கி வருகிறார்கள்!

இதை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா?

குப்பை என்று ஒரு பழி

வேப்ப மரத்தின் மேல் இப்போது ஒரு புதுக் குற்றச்சாட்டு சொல்கிறார்கள். "வாசலில் குப்பை விழுகிறது" என்பதுதான் அது. முற்றத்துக்குச் சிமெண்டு போட்டாகிவிட்டது. கார் நிறுத்த இடம் வேண்டும். பூ விழுந்தால் கார் அழுக்காகிறது. பழம் விழுந்தால் வழுக்குகிறது. ஆகவே வெட்டு மரத்தை!

முருங்கைக்கும் அதே கதிதான். "கம்பளிப் பூச்சி வருகிறது" என்று வெட்டுகிறார்கள். புளிய மரங்களைச் சாலை அகலப்படுத்தும்போது வெட்டுகிறார்கள். இலுப்பை மரத்தை வெட்டியவர்கள் யார், எப்போது வெட்டினார்கள் என்பதே பலருக்கு நினைவில்லை. கோவில் தோப்புகளில் ஒன்றிரண்டு மிஞ்சி இருந்தால் அதிசயம்.

இந்த மரங்கள் எல்லாம் வெறும் நிழல் மரங்கள் என்று நினைத்துவிட்டோம். இவற்றின் பூ நம் வீட்டுச் சட்டிக்கு வந்த பொருள் என்பதை மறந்துவிட்டோம். மறந்ததற்கு ஒரு காரணம் கூச்சம். மரத்தடியில் குனிந்து பூப் பொறுக்கினால் பார்ப்பவர்கள் ஏழை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். பட்டணத்துப் பெரிய ஓட்டல்களில் தட்டின் ஓரத்தில் இரண்டு பூ இதழை வைத்துக் கொடுத்தால் மட்டும் அது நாகரிகமாகிவிடுகிறது!

வேப்பம்பூவை எடுப்பது எப்படி?

நம் பாட்டிமார் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இளைய தாய்மார்களுக்காக அதைச் சொல்கிறோம்.

முதல் நாள் மாலையில் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்க வேண்டும். பழைய வேட்டியையோ சேலையையோ விரித்து, நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். இரவில் பூ உதிரும். விடிந்ததும் துணியைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் எறும்பு வந்துவிடும்.

பிறகு முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். காம்பு, இலை, தூசி எல்லாம் போய்விடும். நிழலில் ஒரு நாள், வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைத்தால் பூ சுருங்கிப் பழுப்பு நிறமாகும். ஒரு கூடைப் பூ காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் தேறும். அதனால் மலைத்துவிடாதீர்கள். ரசத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். கைப்பிடிப் பூ பல மாதங்களுக்கு வரும். ஈரம் படாத ஜாடியில் போட்டு மூடி வைத்தால் அடுத்த சித்திரை வரை கெடாது.

சமைக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பூவை ரசத்தில் போட்டுக் கொதிக்க வைக்கக் கூடாது. கொதித்தால் கசப்பு முழுவதும் ரசத்தில் இறங்கிவிடும். நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே போட வேண்டும். அப்போது கசப்பு நாக்கின் ஓரத்தில் வந்து போகும். வறுத்த வாசம் மட்டும் நிற்கும். வறுத்த பூவை நொறுக்கிச் சுடு சோற்றில் போட்டு, நெய்யும் உப்பும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவதும் உண்டு. இந்தக் கட்டுரையாளருக்குப் பிடித்தது அதுதான்!

சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி நம் வீடுகளில் கட்டாயம். மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, உப்பு, மிளகாய் எல்லாம் ஒரே கிண்ணத்தில் இருக்கும். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு யுகாதி வருடப் பிறப்பு. அதற்கும் வேப்பம்பூப் பச்சடிதான்! இரண்டு வருடப் பிறப்புக்கும் சில நாட்கள் முன்பின் இருக்கலாம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மரத்தடியில் பூ எடுக்கிறார்கள்.

வெளிநாடு வரை போன வழக்கு

வேம்பைப் பற்றி நம் கிழவிகள் அறிந்தது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 1994-ம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஒரு காப்புரிமை கொடுத்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரைத் தாக்கும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அந்த உரிமை. பெற்றவர்கள் அமெரிக்க விவசாயத் துறையும் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியும்.

"இது எங்கள் ஊரில் காலம் காலமாகச் செய்வது. இதில் புதுமை எங்கே?" என்று வழக்குப் போட்டார்கள். 2000-ம் ஆண்டில் காப்புரிமை ரத்தாயிற்று. கம்பெனி தரப்பில் மேல் முறையீடு செய்தார்கள். 2005-ம் ஆண்டில் அதுவும் தள்ளுபடி ஆயிற்று.

எழுதிவைக்காத அறிவுக்கு ஐரோப்பாவில் மதிப்புக் கிடைத்தது. நம் தெருவில்தான் அதை முறத்தில் அள்ளிக் கொட்டுகிறோம்.

சர்க்கரை தரும் மரம்

வேம்பு கசப்பு என்றால், இலுப்பை இனிப்பு. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் இலுப்பைப்பூவைத் தின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இலுப்பைப்பூ மற்றப் பூக்களைப் போல மெல்லிய இதழ் உடையது அல்ல. சிறு திராட்சை போலச் சதைப்பற்றாக இருக்கும். வெளிர் மஞ்சள் நிறம். இரவிலும் விடியற்காலையிலும் பொத்துப் பொத்தென்று விழும். வாயில் போட்டால் தேன் போல இனிக்கும். காய்ந்த பூவில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான் இருக்கிறது. வௌவாலுக்கும் கரடிக்கும் இந்த இரகசியம் நன்றாகத் தெரியும்!

சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்டு, ஒடிசா ஆகிய மாநிலங்களில் இலுப்பை இனத்து மரத்தை "மகுவா" என்கிறார்கள். அங்கே மலைவாழ் மக்கள் குடும்பத்தோடு விடியற்காலையில் கூடை எடுத்துக்கொண்டு போய்ப் பூப் பொறுக்குகிறார்கள். காய வைத்துச் சோற்றோடும் மாவோடும் சேர்த்துச் சமைக்கிறார்கள். பஞ்ச காலங்களில் உயிரைக் காத்த உணவு அது. மது காய்ச்சவும் பயன்படுகிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்திருக்கும் வனப் பொருள்களின் பட்டியலில், காய்ந்த இலுப்பைப்பூவும் இருக்கிறது.

நம் ஊரில் இலுப்பையின் பெருமை எண்ணெயோடு நின்றுவிட்டது. கோவில் விளக்கு எரிந்தது இலுப்பை எண்ணெயில். கோவிலுக்கு எண்ணெய் கடையில் வர ஆரம்பித்ததும் மரம் தேவையில்லாமல் போயிற்று. நல்ல கொட்டையைத் தேடி வைத்தாலும், இலுப்பை பூத்துக் காய்க்கப் பத்து ஆண்டுகளாவது ஆகும். வைப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். பழுத்து விழுந்த உடனே கொட்டையை விதைத்துவிட வேண்டும். நாட்கள் போனால் முளைக்காது.

அகத்தி, முருங்கை, புளி

வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தி வைப்பார்கள். அகத்திக் கீரையை மாட்டுக்கும் கொடுக்கிறோம், நாமும் தின்கிறோம். பூவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெள்ளை அகத்தி, செவ்வகத்தி இரண்டின் பூவும் சமையலுக்கு ஆகும். பூவைப் பிரித்தால் நடுவில் நரம்பு போல ஒன்று இருக்கும். கசப்பு அதில்தான் இருக்கிறது. வாழைப்பூவில் கள்ளனை எடுப்பது போல இதையும் கிள்ளி எறிய வேண்டும். மீதியை நறுக்கி, வெங்காயம், தேங்காய்ப் பூ சேர்த்து வதக்கினால் நல்ல பொரியல்.

முருங்கைப்பூவைப் பறித்துவிட்டால் காய் எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முருங்கையில் பூக்கிற பூ எல்லாம் காய் ஆவதில்லை. பெரும்பகுதி தானாக உதிர்ந்துவிடும். கீழே துணி விரித்து உதிர்வதை எடுத்தால் காய்க்கு நஷ்டமில்லை. உப்பு நீரில் சற்று நேரம் போட்டால் பூச்சி வெளியே வந்துவிடும். முட்டையோடு கிளறலாம். பருப்போடு கூட்டு வைக்கலாம்.

புளியம்பூவைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் கேளுங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட சின்னப் பூ. மென்றால் இளம் புளிப்பு. தளிரையும் பூவையும் மிளகாய், உப்பு வைத்து அரைத்தால் துவையல்.

பூவைத் தின்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: நாம் பிரியாணியில் போடும் கிராம்பு, ஒரு மரத்தின் காய்ந்த பூ மொட்டுத்தான்! செட்டிநாட்டுச் சமையலில் வரும் மராட்டி மொக்கு, இலவ இனத்து மரத்தின் மொட்டு.

விஷப் பூவும் உண்டு!

இனி வருவது மிக முக்கியம். தாய்மார்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும்.

அழகாக இருக்கும் பூ எல்லாம் உணவு அல்ல. அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, வெள்ளை, ரோஜா நிறங்களில் பூக்கும். நாற்கரச் சாலைகளின் நடுவே வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஏன் அரளியை வைத்தார்கள்? அது வறட்சியைத் தாங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும். ஆடு மாடு கடிக்காது. ஆடே கடிக்காத செடி என்றால் அதில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பூ, இலை, பட்டை, வேர், விதை எல்லாம் விஷம். இருதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். மஞ்சள் அரளியும் அப்படித்தான். அதன் காயை வைத்துப் பிள்ளைகள் விளையாடுவதைத் தடுக்க வேண்டும்.

2024-ம் ஆண்டு மே மாதம் கேரளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அரளியின் விஷத்தால் ஓர் இளம் பெண் இறந்திருக்கலாம் என்ற செய்தி அங்கே பெரிய பரபரப்பை உண்டாக்கியது. உடனே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு ஓர் உத்தரவு போட்டது. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாது என்பது உத்தரவு. மலபார் தேவஸ்வம் போர்டும் அப்படியே செய்தது. பூஜைக்கு மட்டும் தடையில்லை. நம் ஊர்க் கோவில்களில் அரளி மாலை சாத்துகிறோம். சாமிக்குச் சாத்தட்டும். அந்தப் பூ விபூதித் தட்டில் விழுந்து குழந்தையின் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

எருக்கு, ஊமத்தை, செங்காந்தள் இவையும் ஆகாது. செங்காந்தள் நம் மாநில மலர். கண்ணால் பார்க்க அழகு. கிழங்கு கொடிய விஷம்.

பெயரைக் கேட்டு ஏமாறுவதும் உண்டு. அகத்தி வேறு, சீமை அகத்தி வேறு. சீமை அகத்தி மஞ்சள் மெழுகுவத்தி போல நிமிர்ந்து பூக்கும். அது படைக்கு மேலே பூசும் மருந்து. வேம்பு வேறு, மலைவேம்பு வேறு. மரத்துக்காக மலைவேம்பை இப்போது தோட்டம் தோட்டமாக வைக்கிறார்கள். "வேம்பு" என்ற பெயரை நம்பி அதன் பூவை எடுக்கக் கூடாது. கோடையில் சிவப்பாகப் பூக்கும் நெருப்புக்கொன்றை, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். அதன் மகரந்தக் காம்புகளை ஒன்றோடு ஒன்று மாட்டிப் பிள்ளைகள் "சேவல் சண்டை" விளையாடுவார்கள். விளையாடட்டும். நம் அடுப்படியில் பழகாத பூ, அடுப்படிக்கு வர வேண்டாம்.

பூ எது என்று நூற்றுக்கு நூறு தெரியாவிட்டால் தொடவே கூடாது. தப்பித் தவறி யாராவது தின்றுவிட்டால் புளியைக் கரைத்துக் கொடுப்பது, உப்புத் தண்ணீர் கொடுப்பது என்று வீட்டில் நேரத்தை வீணாக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற செடியில் ஒரு கிளையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலை ஓரத்து மரத்தின் பூ வேண்டாம். புகையும் தூசியும் படிந்திருக்கும். கொசு மருந்தோ பூச்சி மருந்தோ அடித்த இடத்தில் எடுக்கக் கூடாது. வேப்பம்பூ, ஆவாரம்பூ சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும் என்று யாராவது சொன்னால், அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளே புகட்டுவது ஆபத்து. உயிருக்கே ஆபத்தாக முடிந்தது உண்டு.

காட்டுக்குள் போகலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலை. செண்பகத்தோப்பு அங்கேதான். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அந்தக் காடு சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அங்கே நினைத்தபடி புகுந்து பூவும் காயும் எடுக்க வெளியாருக்கு அனுமதி இல்லை. இல்லாமல் இருப்பதுதான் சரி. மலையில் பரம்பரையாக வாழும் பளியர்களின் நிலை வேறு. சிறு வனப் பொருள்களைச் சேகரிக்க அத்தகைய மக்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது.

நமக்குக் காடு வேண்டாம். தெருவும் கண்மாய்க் கரையும் கோவில் தோப்பும் பள்ளிக்கூட மைதானமும் போதும். அங்கே மரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேம்புக்கே இப்போது ஒரு நோய் வந்திருக்கிறது. 2021-ல் தெலங்கானாவில் ஏராளமான வேப்ப மரங்கள் நுனி கருகி நின்றன. பூஞ்சையும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும் காரணம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் அப்படி மரங்கள் கருகின. மறுபடி தளிர்த்த மரங்களும் உண்டு. கருகிய மரத்தைப் பார்த்ததும் "பட்டுப்போயிற்று" என்று கோடரியைத் தூக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்.

2022-ல் "பசுமைத் தமிழ்நாடு இயக்கம்" ஆரம்பித்தார்கள். மாநிலத்தின் நிலப்பரப்பில் 33 சதவீதம் மரம் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். எந்த மரத்தை வைப்பது என்று கேட்டால் நாம் சொல்லும் பதில் இது: பஞ்சாயத்தும் நகராட்சியும் கோவில் நிர்வாகமும் கன்று வாங்கும்போது, அழகுக்கு நாலு மரம் வாங்கட்டும், அத்தோடு இலுப்பையும் வேம்பும் வாங்கட்டும். பள்ளிக்கூடத்து வேலியில் அகத்தியும் முருங்கையும் வைக்கட்டும். சத்துணவுக் கூடத்துக்கும் ஆகும். விளையாட்டு மைதானத்துப் பக்கம் மட்டும் அரளி வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை மாதம் ஒரு நாள் வாத்தியார் வெளியே கூட்டிப்போய், "இது தின்னலாம், இது தொடக் கூடாது" என்று மரத்தைத் தொட்டுக் காட்டட்டும்.

இலுப்பைக்குப் பத்து வருடம் காத்திருக்க முடியாதவர்கள் அகத்தியில் ஆரம்பிக்கலாம். ஆடி மழையில் கிணற்றடியில் நாலு விதை ஊன்றினால் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். வருடம் திரும்புவதற்குள் பூக்கும். ஆட்டுக்கு எட்டாமல் முள் அடைக்க மட்டும் மறக்காதீர்கள்!